இரண்டு இடைநிலை உலோகங்கள் கொண்ட கார்பீன் அணைவுகள்: தயாரிப்பதும் வினைத்திறனை அளப்பதும்

ஒரே மூலக்கூறில் இரண்டு வெவ்வேறு இடைநிலை உலோகங்கள் இருந்து, அதன் வினை வழக்கத்துக்கு மாறாக நடந்தால், இரண்டாவது உலோகம்தான் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். அதை நிரூபிப்பதுதான் கடினம். இரண்டாவது உலோகம் இல்லாத இணைச் சேர்மத்தையும் அதே நாளில், அதே கரைப்பானில், அதே வெப்பநிலையில் ஓட்டிப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே ஒப்பீட்டுச் சேர்மங்களை முதலிலேயே திட்டமிட்டுத் தயாரியுங்கள். வினை முடிந்தபின் அவற்றைத் தேடுவதில் பயனில்லை.

கார்பீன் அணைவில் ஒரு கார்பன் உலோகத்தோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கிறது; அதுதான் கார்பீன் கார்பன். இரண்டாவது உலோகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, கார்பீன் கார்பனில் தொங்கும் பதிலியில்: பெரோசினைல் தொகுதி (இரு ஐந்து-கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு நிற்கும் பெரோசினிலிருந்து வருவது) கொண்ட குரோமியம் கார்பீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு, கார்பீன் கார்பனோடு சேர்ந்த ஆக்சிஜன் மேல்: டைட்டேனியம் அல்லது சிர்கோனியம் இப்படி அமரும். மூன்று, கார்பீன் கார்பன் இரு உலோகங்களுக்கும் பாலமாக நிற்பது: டங்ஸ்டன்–பிளாட்டினம் சேர்மங்கள். முதல் வகையில் இரண்டாவது உலோகம் எலக்ட்ரான்களைத் தந்தோ இழுத்தோ தூரத்திலிருந்து வேலை செய்கிறது. மூன்றாவதில் வினை நடக்கும் பிணைப்பே மாறிவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வகையிலிருந்தே தொடங்கலாம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதுதான்.

தொடங்குமுன்

பியூட்டைல்லித்தியம் காற்றில் பற்றிக்கொள்ளும். குரோமியம் ஹெக்ஸாகார்பனைல் நஞ்சு. அறை வெப்பநிலையிலேயே பதங்கமாகும். வினையில் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். டிரைஎத்தில்ஆக்சோனியம் டெட்ராபுளூரோபோரேட் தோலையும் கண்ணையும் தாக்கும் வலிமையான ஆல்கைலேற்றி. எனவே எல்லா வேலையும் புகைக்கூண்டுக்குள், ஷ்லெங்க் லைனில் (வெற்றிடத்தையும் மந்த வாயுவையும் மாற்றி மாற்றித் தரும் குழாய் அமைப்பு), நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழலில் நடக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்று அருகில் இருக்கட்டும்.

டெட்ராஹைட்ரோபியூரானை சோடியம்–பென்சோபீனோன் மேல் வடித்து எடுங்கள். டைகுளோரோமீத்தேனைக் கால்சியம் ஹைட்ரைடு மேல் வடியுங்கள். அதற்குச் சோடியம் ஒருபோதும் கூடாது, வெடிக்கும். பியூட்டைல்லித்தியம் புட்டியில் 1.6 மோலார் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். டைபீனைல்அசெட்டிக் அமிலத்தை டெட்ராஹைட்ரோபியூரானில் கரைத்து, மஞ்சள் நிறம் நிலைத்து நிற்கும்வரை தரம்பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும்; பின்னால் வரும் கசடுகளில் பாதியை இது தவிர்த்துவிடும்.

பெரோசினைல் எத்தாக்சி கார்பீன்: 5 மில்லிமோல் அளவில்

1964இல் வேதியியலாளர்கள் பிஷரும் மாஸ்போலும் டங்ஸ்டன் ஹெக்ஸாகார்பனைலில் காட்டிய வழியின் சாரம் இன்றும் மாறவில்லை. கரிமலித்தியம் ஒரு கார்பனைலை (உலோகத்தோடு இணைந்த கார்பன் மோனாக்சைடை) தாக்கி அசைல்மெட்டலேட் உப்பைத் தருகிறது. அதன் ஆக்சிஜனை ஆல்கைலேற்றினால் கார்பீன் கிடைக்கிறது.

100 மி.லி. ஷ்லெங்க் குடுவையில் புரோமோபெரோசின் 1.32 கிராம் (5.0 மில்லிமோல்) எடுத்து, 30 மி.லி. டெட்ராஹைட்ரோபியூரானில் கரைத்து −78 °செ-க்குக் குளிர்வியுங்கள். 1.6 மோலார் பியூட்டைல்லித்தியம் 3.2 மி.லி.யைப் பத்து நிமிடத்தில் துளித்துளியாக விட்டு, அதே குளிரில் அரை மணி நேரம் கலக்குங்கள். புரோமின்–லித்தியம் பரிமாற்றம் முடிந்ததா என்று பார்க்க, 0.2 மி.லி. எடுத்து மெத்தனாலில் விட்டு, ஆவியாக்கிப் புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுங்கள். பெரோசினின் 4.16 பி.பி.எம். ஒற்றை முகடு மட்டும் தெரிந்தால் நல்லது. 4.4 அருகே முகடு நின்றால் புரோமைடு மிச்சம் இருக்கிறது.

இப்போது குரோமியம் ஹெக்ஸாகார்பனைல் 1.10 கிராமை (5.0 மில்லிமோல்) நைட்ரஜன் எதிரோட்டத்தில் திடமாகவே போடுங்கள். குளிர்ந்த டெட்ராஹைட்ரோபியூரானில் அது சரியாகக் கரையாது. கவலைப்பட வேண்டாம், சூடு ஏற ஏற கரைந்து வினைபுரியும். ஒரு மணி நேரத்தில் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் கலக்குங்கள். கரைசல் கருஞ்சிவப்பாகும். கால்சியம் புளூரைடு சாளரமுள்ள மூடிய செல்லில் ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள். ஹெக்ஸாகார்பனைலின் ஒற்றை வலுவான பட்டை 1980 செ.மீ.⁻¹ அருகே இருக்கும். அது கிட்டத்தட்ட மறைந்து, 1900-ஐ ஒட்டி அகலமான பட்டைகள் எழுந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து அடுத்த படிக்குப் போகாதீர்கள், இந்தப் பட்டையைப் பார்த்துப் போங்கள்.

அடுத்து வருவது அதிகம் பேர் சறுக்கும் இடம். டெட்ராஹைட்ரோபியூரானை 30 °செ-க்கு மேல் போகாமல் வெற்றிடத்தில் முழுமையாக அகற்ற வேண்டும். அடுத்து சேர்க்கப்போகும் ஆல்கைலேற்றியான ஆக்சோனியம் உப்பு டெட்ராஹைட்ரோபியூரானின் வளையத்தைத் திறந்து பலபடியாக்கிவிடும். குடுவையில் மிச்சம் இருந்தால் ஆல்கைலேற்றி வீணாவதோடு, பசை மாதிரி ஒன்று வந்து நிரலையும் அடைத்துவிடும். காய்ந்த பிறகு 30 மி.லி. டைகுளோரோமீத்தேன் சேர்த்து −20 °செ-க்குக் குளிர்வித்து, டிரைஎத்தில்ஆக்சோனியம் டெட்ராபுளூரோபோரேட் 1.14 கிராமை (6.0 மில்லிமோல்) 10 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்துப் பத்து நிமிடத்தில் சேருங்கள். மெதுவாக அறை வெப்பநிலைக்கு விட்டு அரை மணி கழித்து, வெள்ளையாக வீழ்படிந்த லித்தியம் டெட்ராபுளூரோபோரேட்டை செலைட் (வடிகட்ட உதவும் டையாட்டம் மண் தூள்) வழியே வடிகட்டி, ஆவியாக்குங்கள்.

ஆக்சோனியம் உப்பின் தரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். வெள்ளைப் படிகமாக இருந்தால் நல்லது. பழுப்பாகவோ ஈரப்பிசுபிசுப்பாகவோ இருந்தால் அதில் அமிலம் சேர்ந்திருக்கிறது. அந்த அமிலம் அசைல்மெட்டலேட்டைப் புரோட்டானேற்றி ஹைட்ராக்சிகார்பீன் ஆக்கும். அது நிலைக்காமல் ஆல்டிஹைடாகச் சிதையும். விளைபொருளின் என்.எம்.ஆரில் 9.9 பி.பி.எம். அருகே முகடு தெரிந்தால் பெரோசின்கார்பால்டிஹைடு வந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த டைஎத்தில் ஈதரில் உப்பைக் கழுவி, வெற்றிடத்தில் காயவைத்துப் பயன்படுத்தினால் தீரும்.

நிரல் வண்ணப்பிரிகையை நைட்ரஜனில், வெற்றிடத்தில் உலர்த்திய சிலிகாவில், முடிந்தால் −10 °செ குளிர்க்கூட்டில், தாமதிக்காமல் ஓட்டுங்கள். ஹெக்சேனில் தொடங்கினால் நிறமற்ற ஹெக்ஸாகார்பனைலும் மஞ்சளான பெரோசினும் முன்னால் போகும். அதற்குப் பின்னால் இன்னொரு மஞ்சள் பட்டை வந்தால், அது மிச்சப் பியூட்டைல்லித்தியத்திலிருந்து வந்த பியூட்டைல் கார்பீனாக இருக்கலாம். டைகுளோரோமீத்தேனைப் பத்து சதவீதம் வரை கூட்டினால் அடர்சிவப்புப் பட்டை இறங்கும். அதுதான் நமக்கு வேண்டியது. மூலக்கூறு எடை 434.1. டைகுளோரோமீத்தேன்–ஹெக்சேனில் −20 °செ-யில் படிகமாக்கி, அதே குளிரில் நைட்ரஜனில் வையுங்கள்.

டங்ஸ்டன் வடிவம் வேண்டுமானால் ஹெக்ஸாகார்பனைல் 1.76 கிராம், மற்ற எல்லாம் அப்படியே. கை பழகுவதற்கு டங்ஸ்டனே மேல்: காற்றைக் கொஞ்சம் தாங்கும், கார்பனைலை எளிதில் இழக்காது. வினைத்திறன் அளவீட்டுக்குக் குரோமியம் நல்லது; வினைகள் வேகமாக நடந்து முடியும்.

அடையாளம் காணும்போது தவறவிடுபவை

ஐ.ஆரில் பென்டாகார்பனைல் அமைப்புக்கு 2055 செ.மீ.⁻¹ அருகே கூர்மையான ஒரு பட்டையும், 1940-ஐ ஒட்டி மிக வலுவான பட்டையும் வரும். 1980-இல் மிச்சப் பட்டை இருந்தால் அது ஹெக்ஸாகார்பனைலா, அணைவின் சொந்தப் பட்டையா என்று குழம்பும். ஹெக்சேனில் எடுத்தால் பட்டைகள் கூர்மையாகிப் பிரித்தறிய வசதியாக இருக்கும்.

கார்பன் என்.எம்.ஆரில் கார்பீன் கார்பனைக் காணோம் என்று பலர் தேடுவதற்குக் காரணம் எளிது. கருவியின் வழக்கமான நிறமாலை அகலம் 220–240 பி.பி.எம்.மோடு முடிந்துவிடும், குரோமியம் எத்தாக்சி கார்பீன்கள் 300-க்கு மேல்தான் வரும். பீனைல் மெத்தாக்சி கார்பீன் 351 பி.பி.எம். அருகே நிற்கிறது, பெரோசினைல் வடிவம் அதைவிடக் கீழே. அகலத்தை 400 பி.பி.எம். வரை நீட்டுங்கள், துடிப்புகளுக்கு நடுவே 5 முதல் 10 வினாடி ஓய்வு விடுங்கள். ஹைட்ரஜன் இல்லாத கார்பன் ஓய்வுநிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும்.

முகடுகள் அகன்று மங்கியிருந்தால், பெரோசினியமோ குரோமியம்(III) கசடோ கலந்திருக்கிறது. இரண்டும் காந்தப் பண்புள்ளவை. நடுநிலை அலுமினாவின் சிறு அடுக்கு வழியே வடிகட்டி, உடனே மறுபடி எடுங்கள்.

நான்கு குடுவைகள்

அமினேற்றம்தான் தொடங்க உகந்த வினை. அமின் கார்பீன் கார்பனைத் தாக்கி எத்தாக்சியை வெளியேற்றுகிறது. கார்பனின் எலக்ட்ரான் பசி எவ்வளவு என்பதை இது நேராகச் சொல்லும். பெரோசினைல் தொகுதி எலக்ட்ரான் கொடுப்பதால் வேகம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது பருமனான தொகுதியும்கூட. வேகம் குறைந்தது எலக்ட்ரானாலா, பருமனாலா, அல்லது இரும்பு பக்கத்தில் இருப்பதாலா?

இதைப் பிரித்தறிய நான்கு குடுவைகள் வேண்டும். முதலாவதில் பெரோசினைல் கார்பீன் 108.5 மி.கி. (0.25 மில்லிமோல்). இரண்டாவதில் பீனைல் எத்தாக்சி கார்பீன் 81.6 மி.கி. மூன்றாவதில் 4-மெத்தாக்சிபீனைல் கார்பீன் அதே மில்லிமோல் அளவில்; எலக்ட்ரான் கொடுக்கும், ஆனால் உலோகம் இல்லை. நான்காவதில் பீனைல் கார்பீனும் தனி பெரோசின் 46.5 மி.கி.யும், இரும்பு இருக்கிறது, ஆனால் பிணைப்பில் இல்லை. நான்காவது குடுவை இரண்டாவதைப் போலவே நடந்தால், பெரோசின் வெளியிலிருந்து வினையைத் தொடவில்லை என்று உறுதி. இந்த நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முடிவுக்கு வலு சேர்ப்பதும் அதுதான்.

ஒவ்வொன்றிலும் 5 மி.லி. உலர்ந்த டைஎத்தில் ஈதர், பிறகு பென்சைல்அமின் 33 மைக்ரோலிட்டர் (0.30 மில்லிமோல்), அறை வெப்பநிலை. சிவப்பு மெல்ல ஆரஞ்சு-மஞ்சளாக மாறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐ.ஆர். எடுத்து, கார்பனைல் பட்டைகள் கீழே நகர்வதைக் கவனியுங்கள். நைட்ரஜன் ஆக்சிஜனைவிட அதிகம் எலக்ட்ரான் கொடுப்பதால் குரோமியத்திலிருந்து கார்பனைலுக்குத் திரும்பக் கிடைக்கும் எலக்ட்ரான் கூடி, பட்டைகள் இறங்குகின்றன. விளைபொருளின் என்.எம்.ஆரில் இரண்டு தொகுதி முகடுகள் தெரிந்தால் அசுத்தம் என்று தூக்கி எறியாதீர்கள். கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்புபோல் இருப்பதால் சுழற்சி தடைபட்டு, இரண்டு வடிவங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன.

எண்களாக வேண்டும் என்றால் புற ஊதா–கட்புல நிறமாலைமானிக்குப் போங்கள். பெரோசினைல் கார்பீன் 10.9 மி.கி.யை 25 மி.லி. அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் 1.0 மில்லிமோலார் இருப்புக் கரைசல். அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து 1 செ.மீ. குவெட்டில் வையுங்கள். கரைப்பானை உறைய வைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்கும் சுற்றை மூன்று முறை செய்து ஆக்சிஜனை நீக்கியிருக்க வேண்டும். அமின் செறிவு 0.01, 0.02, 0.05, 0.10 மோலார் என நான்கு. எல்லாமே கார்பீனைவிடக் குறைந்தது நூறு மடங்கு என்பதால் அமின் செறிவு மாறாததுபோல் நின்று, போலி முதல்படி வினையாக ஓடும். வெப்பநிலை 25.0 °செ-யில் நிலைத்திருக்கட்டும். அமின் இல்லாமல் அதே நேரத்துக்கு ஒரு வெற்றோட்டம் எடுங்கள். அதிலேயே உறிஞ்சல் சரிந்தால் உங்கள் கரைசலில் ஆக்சிஜன் இருக்கிறது, அன்றைய எண்கள் எதுவும் செல்லாது.

கிடைத்த வேக மாறிலியை அமின் செறிவோடு வரைந்து பாருங்கள். நேர்கோடு வராமல் மேல்நோக்கி வளைந்தால், இரண்டாவது அமின் மூலக்கூறு காரமாக உதவுகிறது என்று பொருள். பிஷர் கார்பீன்களில் இது தெரிந்த நடத்தைதான். இரு உலோகச் சேர்மத்தையும் பீனைல் வடிவத்தையும் ஒரே ஒரு அமின் செறிவில் ஒப்பிட்டு விகிதம் சொல்வது இதனால்தான் ஆபத்து. வளைவின் வடிவமே இரண்டிலும் வேறாக இருக்கலாம்.

இரும்பு தலையிடும் வினைகள்

கார்பீனை எஸ்டராக ஆக்சிஜனேற்றிக் குரோமியத்தைக் கழற்ற சீரியம்(IV) அம்மோனியம் நைட்ரேட் வழக்கமான கருவி. பெரோசினைல் சேர்மத்தில் அதைத் தொடாதீர்கள். இரும்பு(II) எளிதாக ஓர் எலக்ட்ரானை இழந்து நீலப்பச்சைப் பெரோசினியமாகிவிடும். கார்பீன் பிணைப்பு உடைந்ததா, இரும்பு ஆக்சிஜனேறியதா என்று பிரித்தறிய முடியாத கலவை மிஞ்சும். பிரிடின் N-ஆக்சைடோ டைமெத்தில் சல்பாக்சைடோ ஆக்சிஜன் அணுவைத் தரும் வழியில் வேலை செய்வதால் இரும்பை விட்டுவிடும்.

சுழற்சி மின்னழுத்தமானியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) உள்தரமாகப் பெரோசினைப் போட்டால் உங்கள் சேர்மத்தின் அலையோடு கலந்துவிடும். டெகாமெத்தில்பெரோசின் போடுங்கள், அது பெரோசினைவிடச் சுமார் 0.5 வோல்ட் கீழே நிற்கிறது. 0.1 மோலார் டெட்ராபியூட்டைல்அம்மோனியம் ஹெக்ஸாபுளூரோபாஸ்பேட், டைகுளோரோமீத்தேன். இரும்பின் அலை தனிப் பெரோசினைவிட நேர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். கார்பீன் தொகுதி எலக்ட்ரானை இழுப்பதற்கு நேரடிச் சான்று அது. அமினோகார்பீனில் அந்த நகர்வு குறைவதையும் அளந்து வைத்துக்கொண்டால், அமினேற்ற வேகங்களை விளக்க அடித்தளம் கிடைத்துவிடும்.

பெல்லேடியம் வினை வேறு விதம். கார்பீன் 0.25 மில்லிமோல், பெல்லேடியம் அசிட்டேட் 5.6 மி.கி. (10 மோல் சதவீதம்), டிரைஎத்தில்அமின் 35 மைக்ரோலிட்டர், டெட்ராஹைட்ரோபியூரான் 5 மி.லி., அறை வெப்பநிலை. கார்பீன் குரோமியத்திலிருந்து பெல்லேடியத்துக்கு இடம்மாறி, இரண்டு கார்பீன்கள் சேர்ந்து ஆல்கீனாகின்றன. பீனைல் வடிவம் டைஎத்தாக்சிஸ்டில்பீன் தருகிறது. இங்கே இரு உலோக இடைநிலை ஒரு கணம் மட்டுமே உயிரோடு இருக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம் கலக்கிக் காந்தம்: முன்பு பெல்லேடியம் பார்த்த காந்தத்தின் டெஃப்லான் உறையில் உலோகத் துகள்கள் ஒட்டியிருக்கும். அதைக் கட்டுப்பாட்டுக் குடுவையில் போட்டால் அங்கும் ஆல்கீன் வரும். கட்டுப்பாட்டுக்குப் புதுக் காந்தம் எடுங்கள்.

ஆக்சிஜன் மேல் டைட்டேனியம், சிர்கோனியம்

ஆக்சோனியம் உப்புக்குப் பதில் டைட்டனோசின் டைகுளோரைடு 1.24 கிராம் (5.0 மில்லிமோல்) சேர்த்தால், லித்தியம் குளோரைடு விலகி உலோகம் ஆக்சிஜன் மேல் அமரும். ஈரப்பதம்தான் இங்கே எதிரி. நீர் உலோகம்–ஆக்சிஜன் பிணைப்பை வெட்டி ஹைட்ராக்சிகார்பீனைத் தரும்; மறுபடி ஆல்டிஹைடுதான் மிஞ்சும். சிர்கோனியம் வடிவத்தைச் சிலிகா நிரலில் ஏற்றவே வேண்டாம். குளிரில் படிகமாக்கித் தூய்மையாக்குங்கள்.

பாலமாக நிற்கும் கார்பீன்

வேதியியலாளர் ஸ்டோனின் குழு காட்டிய வழி: டங்ஸ்டனின் மெத்தாக்சி பீனைல் கார்பீனை, எத்திலீனும் இரண்டு டிரைமெத்தில்பாஸ்பீனும் தாங்கிய பிளாட்டினம்(0)-ஓடு சேர்த்தால், எத்திலீன் விலகிக் கார்பீன் கார்பன் டங்ஸ்டன்–பிளாட்டினம் பாலமாகிறது. உலோகம்–கார்பன் இரட்டைப் பிணைப்பை ஆல்கீன்போலக் கருதி, பிளாட்டினம் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று அணு வளையம் ஏன் வருகிறது என்பது புரியும். டிரிஸ்எத்திலீன்பிளாட்டினத்திலிருந்து தொடங்கினால் எத்திலீன் சூழலை விடக் கூடாது. விட்டால் கறுப்பாகப் பிளாட்டினம் படியும். 0.10 மில்லிமோல் அளவில் (கார்பீன் 44 மி.கி.) கிளவ் பாக்ஸில் (காற்றில்லாத கையுறைப் பெட்டி) செய்வது நல்லது.

சரிபார்க்கப் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். போதும். பாலம் உருவானால் இரண்டு பாஸ்பரஸ்களும் சமமல்ல: ஒன்று டங்ஸ்டன் பக்கம், மற்றொன்று கார்பன் பக்கம். எனவே இரண்டு தனிச் சமிக்ஞைகள். ஒவ்வொன்றின் இருபுறமும் பிளாட்டினம்-195 தரும் துணை முகடுகள், ஏறத்தாழ 1:4:1 உயர விகிதத்தில். ஒரே சமிக்ஞைதான் என்றால் தொடக்க எத்திலீன் அணைவு வினைபுரியாமல் இருக்கலாம், அல்லது இரு பாஸ்பரஸ்களும் வேகமாக இடம் மாறிக்கொள்ளலாம். குளிர்வித்து எடுத்தால் இரண்டாவது சூழ்நிலையில் முகடு பிரியும், முதலாவதில் பிரியாது. கார்பன் என்.எம்.ஆரில் பாலக் கார்பன் முனைக் கார்பீனைவிட வெகுவாகக் கீழே இறங்கி நிற்கும்.

இந்த அணைவில் டிரைமெத்தில்ஆக்சோனியம் உப்பு மெத்தாக்சியைப் பிடுங்கிக்கொண்டு போய், பாலக் கார்பைன் (மெத்தாக்சியை இழந்த பாலக் கார்பன்) நேரயனியைத் தருகிறது. தனி டங்ஸ்டன் கார்பீனுக்கும் இதே உப்பைக் கொடுத்து அருகருகே பாருங்கள்.

இங்கே கடைசியாக ஒரு கேள்வி எஞ்சும்: வினையின்போது இரு உலோகங்களும் சேர்ந்தே இருந்தனவா, பிரிந்து மறுபடி சேர்ந்தனவா? குறுக்குச் சோதனை இதற்கு விடை தரும். டங்ஸ்டன்–பிளாட்டினம் டோலைல் அணைவையும் குரோமியம்–பிளாட்டினம் பீனைல் அணைவையும் சம மோலாகக் கலந்து, வினை நடக்கும் அதே வெப்பநிலையில் வைத்து, நிறை நிறமாலை எடுங்கள். டங்ஸ்டனோடு பீனைலோ, குரோமியத்தோடு டோலைலோ தென்பட்டால் மூலக்கூறு பிரிகிறது. கார்பனைல்கள் 28, 28 ஆக உதிர்வதால் முகடுகள் நெருக்கமாக வரும். டங்ஸ்டனின் அகலமான ஐசோடோப்புக் கொத்தை வைத்து எது எது என்று பிரித்துவிடலாம். கலவையை வினைப்பொருள் சேர்க்காமலும் ஒருமுறை இதேபோல் சோதியுங்கள். அதிலும் குறுக்கு விளைபொருள் வந்தால், பரிமாற்றம் தொடக்கப் பொருளிலேயே நடக்கிறது. உங்கள் வினையைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.